டேப்புக்கு அடியில் ஒரு வரி

காலை ஆறு மணிக்கே அருள்புரத்துப் பிரிண்டிங் பட்டறையில் மை நாற்றம் தொண்டையை அடைத்தது. வேலாத்தாள் எழுத்துப் பதித்த ஸ்கிரீன் சட்டத்தைக் கவரின்மேல் இறக்கி, ரப்பர் கட்டையால் மையை இழுத்து, சட்டத்தைத் தூக்கினாள். ஒரு கவர் ஆயிற்று. ஷிப்டுக்கு இரண்டாயிரம் இழுக்க வேண்டும். பனியன் லேபிள் ஆர்டர் குறைந்ததால் இப்போது கொழுப்பு நீக்கிய பால் பவுடருக்குக் கவர் அடிக்கிறார்கள்.

ஸ்கிரீனின் கீழ்மூலையில் ஒரு துண்டு டேப் இருந்தது. ‘கைக்குழந்தைகளுக்கு ஏற்றதல்ல’ என்ற வரி அதற்கு அடியில் கிடந்தது; டேப் மறைத்த இடத்தில் மை இறங்காது, கவரில் அந்த வரி விழாது. கவரில் அது இருந்தே தீர வேண்டும் என்பது சட்டம்.

“ஆபீசருக்குக் காட்டற சாம்பிள்ல இருக்கட்டும். லோடுக்கு ஓட்டறதுல வேண்டாம். பார்ட்டிக்கு யாவாரம் கொறையுதாமா” என்று நாலு மாதத்துக்கு முன் முதலாளி செங்கோட்டையன் சொன்னார். சுருக்கமில்லாமல் ஒட்டியவள் வேலாத்தாள்தான். அவர் மெச்சியதில் அவளுக்குப் பெருமை வேறு.

அடித்த கவர்களைக் காயப்போடும் ராக்கம்மாள், மதுரைப் பக்கத்துக்காரி, மூன்று நாள் கழித்து அன்று வந்தாள். கையில் ஒரு காலிக் கவர்.

“ஆறு மாசப் புள்ள, வயித்தால போயி வத்திப்போயிட்டான்க்கா. பெரியாஸ்பத்திரில கெடக்கான். இதையா ஒரு மாசமா குடுத்தேன்னு டாக்டரம்மா வையிது. கவர்ல போட்டிருக்குமாமே? எழுத்துக்கூட்டி வாசிச்சேன். ஒண்ணுமில்லையேக்கா.”

வேலாத்தாளுக்கு உடம்பு கூசியது. போன மாதம் ஆயுத பூஜைக்கு முதலாளி ஆளுக்கொரு கிலோ அந்தப் பால் பவுடர் பாக்கெட் கொடுத்தார். “உன்ற பையனுக்கு ஆகும், வெச்சுக்க கண்ணு” என்று தன் பாக்கெட்டையும் ராக்கம்மாளிடம் நீட்டியவள் அவள். மறைத்த வரி அப்போது நினைவுக்கே வரவில்லை. இப்படியும் ஒரு மனுஷியா என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

“வரி இருந்துச்சு ராக்கு. நாந்தான் மறைச்சேன்.”

ராக்கம்மாள் ஒருமுறை பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேலாத்தாள் நகத்தால் டேப்பைக் கிழித்தெடுத்தாள். சத்தம் கேட்டு முதலாளி வந்தார்.

“என்ன வேலாத்தா இது? சாயங்காலம் லோடு போகோணும்.”

“அந்த வரி இல்லாமத்தானுங்க இவ பையன் ஆஸ்பத்திரில கெடக்கறான்.”

“கண்டதையும் கரைச்சு ஊத்துனா நானா பொறுப்பு? ஒட்டு. இல்லாட்டி நாளைக்குக் கேட்டுக்குள்ள கால் வெக்காதே.”

“ஒட்டுனது இந்தக் கைதானுங்க. இனி ஒட்டாதுங்க.”

மை கலக்கும் ஜாவித் டப்பாவை மூடினான். “அப்ப மையும் கெடையாது மொதலாளி.” அடுத்த மேசை அனுசுயாவும் தன் ஸ்கிரீனிலிருந்த டேப்பை உரித்தாள். முதலாளி வேறு ஆட்களைத் தேடிப் போன் போட வெளியே போனார்.

“கடைக்குப் போன பாக்கெட்டையும் நிறுத்தோணும். சுகாதார ஆபீசுக்குப் போலாம்” என்றான் ஜாவித்.

வேலாத்தாள் மிச்ச மையில் வரியோடு ஒரு கவர் அடித்தாள். “மறைச்சது ஆருன்னு கேட்டா நானே சொல்லிப்போடறேன்” என்றாள். தலை நிமிரவில்லை.

ராக்கம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமலே ஈரக் கவரை வாங்கிக்கொண்டாள். பழைய கவரை மற்றக் கையில் பிடித்தபடி முதலில் வாசலுக்குப் போனவளும் அவள்தான்.

அங்கே நின்று, திரும்பாமல் சொன்னாள்: “வாக்கா.”