கடலடைப்பு

மனைவி ரெக்சலினின் நகங்களில் ஒட்டியிருந்த போட் ரெசினைக் கிளிட்டஸ் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கடற்கரையில் முதல் போட்டின் இன்ஜின் இரைந்தது. பின்னாலேயே இன்னொன்று. அவளுக்காகக் கோயிலில் துக்கமணி அடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"விடுங்க மாப்ள. அது போவாது," என்றாள் மாமியார் பெர்னதெத்.

அவன் எழுந்து முற்றத்துக்கு வந்தான். முற்றம் முழுக்கப் போட்தான் கிடந்தது. மணப்பாட்டில் வாங்கிய பழைய ஃபைபர் போட். டயர்கள்மேல் ஏற்றி, மூன்று மாதமாக அடியைச் சுரண்டி, கண்ணாடியிழை மேட் ஒட்டி, ரெசின் பூசியவள் ரெக்சலின். அவன் துறைமுகத்து ஆபீஸுக்குப் போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உப்புத்தாள் தேய்த்துக் கொடுப்பான். மூன்று நாள் காய்ச்சல். முடிந்துவிட்டது.

ஊர் கமிட்டித் தலைவர் நேசக்குமார் வாசலில் நின்றார்.

"கடல அடைக்கலியா அண்ணாச்சி? போட்டெல்லாம் எறங்குது."

"கடலுக்குப் போற ஆளு செத்தாத்தாம்ல அடைக்கது. பொம்பளைக்கு மணி அடிப்போம், பூசை வைப்போம். ஒரு வாரமா மீன்பாடு இல்ல. இன்னைக்குத்தான் கணவாய் வருது."

"ஒங்க மவன் போயிருக்கானா?"

"போயிருக்கான்."

"அந்தப் போட்டுல பொத்தல அடைச்சது யாரு?"

நேசக்குமார் தாடையைச் சொறிந்தார். "அவதான். நான் இல்லேங்கலியே."

"அது தண்ணிக்குள்ள முங்காம இருக்கதுக்கு அவ வேணும். அவளுக்காவ ஒரு நாளு கரையில கெடக்க முடியாது."

"படிச்ச புள்ள மாதிரி பேசுல. வழக்கத்த நானா போட்டேன்?"

வேனிலிருந்து சவப்பெட்டியை இறக்கினார்கள். போட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஓர் ஆள்தான் ஒருக்களித்து நுழைய முடியும். பெட்டி நேராக நுழையவில்லை.

"பெட்டியச் சரிச்சு உள்ள கொண்டுபோயி, அவள வெச்சு மூடி, திரும்பச் சரிச்சே தூக்கிட்டு வந்துரலாம்," என்றார் நேசக்குமார்.

"என் பொண்டாட்டியச் சரிக்கப்படாது. போட்டத் தள்ளணும்."

"ரெண்டடி தள்ளணும்னாலும் பதினஞ்சு ஆளு வேணும்ல. ஆளு எங்க? எல்லாவனும் கடல்லல்லா கெடக்கான்."

"யாரு போவச் சொன்னா?"

கிளிட்டஸ் போட்டின் முன்முனை அணியத்தில் தோளைக் கொடுத்து முட்டினான். போட் அசையவில்லை. மறுபடி முட்டினான். சட்டை தோளில் கிழிந்தது.

உள்ளேயிருந்து பெர்னதெத் வந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவனுக்குப் பக்கத்தில் கை வைத்தாள்.

"ஏளா, அழுததெல்லாம் போதும். எந்திச்சு வாங்க."

உள்ளே அழுதுகொண்டிருந்த பெண்கள் வந்தார்கள். குசினியில் கடுங்காப்பி போட்டுக்கொண்டிருந்தவளும் வந்தாள். போட்டின் ஒரு பக்கம் முழுக்க வளையல் கைகளாக ஆயிற்று. டயர் நெரிபட்டு முனகியது. போட் ஒரு சாண் நகர்ந்தது.

நேசக்குமார் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கை வைக்க அவருக்கு இடமில்லை.