காந்தத்தை எடுத்த இடம்

துறைமுகத்தில் அவருக்குப் பூட்டு என்று பெயர். எங்கே மீன் பட்டது என்று யார் கேட்டாலும் "கடல்லதான்" என்பார், அதோடு சரி. படகு கிளம்பியதும் இடம் காட்டும் திரையின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார். வலை இழுக்கிற ஆட்களுக்கே தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. தெரிந்தது இரண்டே பேருக்குத்தான்: அவருக்கும், எஞ்சின் பார்க்கும் மாப்பிள்ளைக்கும். மாப்பிள்ளை என்றால் அவர் தங்கையைக் கட்டியவன். பதினோரு வருஷமாக இருவருக்கும் ஒரே படகு.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய், ஆமை முதுகில் ஒட்டுங்கள் என்று ஒரு கருவியைக் கொடுத்தால் என்ன ஆகும்? கொடுத்தவள் மீன்துறை அலுவலகத்தில் ஆமைகளை ஆராய்பவள். எல்லோருக்கும் அவள் ஆமைக்காரம்மா. வலையில் தவறிச் சிக்கும் ஆமை உயிரோடு இருந்தால், ஓட்டைத் துடைத்துப் பசை தடவி இதை ஒட்டி, கடலில் விட வேண்டும். ஆமை மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம் கருவி செயற்கைக்கோளுக்குத் தன் இடத்தைச் சொல்லும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்தால்தான் அது வேலை செய்யத் தொடங்கும்.

"நீங்க வேவு பாக்குறது ஆமையவா, என்னையா?" என்று கேட்டார் பூட்டு.

"ஆமையத்தாங்க. வலையிலேர்ந்து விட்டது பொழைக்குதா, எங்க போகுதுன்னு தெரியணும். தெரிஞ்சா அந்தப் பக்கம் வலை போடாம இருக்கலாம்ல?"

"அதான பாத்தேன். கடைசியில எங்க வயித்துல வந்து நிக்குது."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கருவியையும், கூடவே நிரப்பித் தர வேண்டிய படிவத்தையும் வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்டார்.

ஆமை சிக்கியது, சிக்கக் கூடாத இடத்தில். அவருடைய இடங்களிலேயே மிக நல்ல இடம் அது. மாப்பிள்ளைதான் அதை வலையிலிருந்து பிரித்து, கருவியை ஒட்டி, பசை காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். காந்தத்தை எடுக்கப் போனவனின் கையைப் பூட்டு தட்டிவிட்டார்.

"இங்க எடுத்தா நாளைக்கே ஊரு பூரா இங்க வந்து நிக்கும். படகத் திருப்பு."

"மச்சான், பாவம், வாயப் பொளந்துகிட்டு கெடக்கு. இங்கயே விட்டுடலாம்."

"சொன்னதச் செய் மாப்ள."

ஆறு மணி நேரம் ஓட்டினார்கள். மாப்பிள்ளை ஈரச் சாக்கைப் போட்டுப் போட்டு ஆமையைக் காப்பாற்றினான். யாருக்கும் உதவாத வெறுங்கடலுக்கு வந்ததும் பூட்டு காந்தத்தை எடுத்து, ஆமையை இறக்கிவிட்டார். படிவத்தில் 'பிடிபட்ட இடம்' என்ற கட்டத்தில் அந்த வெறுங்கடலையே எழுதினார். அரசாங்கத்தையே ஏமாற்றிவிட்ட திருப்தியில் அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

மூன்றாவது வாரம் தன் நல்ல இடத்துக்குப் போனால், அங்கே நெட்டையனின் படகு வலையை இறக்கிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் அவருக்கு ஒரே போட்டி நெட்டையன்தான். பூட்டு கணக்குப் போட்டார். தெரிந்தது இரண்டு பேருக்கு. அதில் ஒருவர் தாம்.

சந்தேகம் வந்தவனுக்குச் சாட்சிக்கா பஞ்சம்? போன மாதம் மாப்பிள்ளை நெட்டையனோடு டீ குடித்தானே, அது ஏன்? தங்கை வீட்டுச் சுவருக்குத் திடீரென்று புதுப் பெயிண்ட், அது எப்படி? திரும்பி வரும் வழி முழுக்க மாப்பிள்ளையின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த முதுகே குற்றவாளியின் முதுகாகத் தெரிந்தது.

ஐஸ் ஏற்றும் இடத்தில், எல்லாப் படகுக்காரர்களும் இருக்கும்போது வெடித்தார்.

"கூட இருந்தே குழி பறிச்சிட்டான்! என் இடத்த வித்துட்டான்!"

மாப்பிள்ளை ஒரே ஒரு தடவை, "நான் சொல்லல மச்சான்," என்றான். பிறகு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். துரோகி என்று பெயர் வாங்கியவனை எந்தப் படகு சேர்க்கும்? ஒருவரும் சேர்க்கவில்லை. தங்கை போன் செய்து, "அண்ணே, அவர் வாசலத் தாண்டல, யார் மொகத்துலயும் முழிக்க மாட்டேங்குறார்," என்று அழுதாள். அவள் பேசி முடிக்கும் முன்பே பூட்டு போனை வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து ஆமைக்காரம்மா கூப்பிட்டு அனுப்பினாள். அலுவலக வாசலில் பெரிய திரை. படகுக்காரர்கள் பார்த்து ஆமையைத் தவிர்க்கட்டும் என்று மாட்டியது. அதில் ஒரு கோடு.

"விட்டது இங்க," என்று வெறுங்கடலைத் தொட்டாள். "ஒம்பது நாள் எங்கயும் நிக்காம நேரா இங்க வந்திருக்கு. வந்து இந்த எடத்தையே சுத்துது. தன் மேய்ச்சல் எடத்துக்குத் திரும்புற மாதிரி. நெசமாவே எங்கங்க பிடிச்சீங்க?"

கோடு நின்ற இடத்தைப் பூட்டு உற்றுப் பார்த்தார். அது அவருடைய இடம். நெட்டையன் வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஆமை அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"இத யாரெல்லாம் பாப்பாங்க?"

"எல்லாருந்தான். நெட்டையன் தினமும் வந்து நிப்பார். ஆமை சுத்துற எடத்துல எர இருக்கும், எர இருந்தா மீனு இருக்கும்னு சொல்லுவார். தவிர்க்கச் சொல்லி வச்சா, தேடிப் போறாங்க."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவர், அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை கதவை முழுதாகத் திறக்கவில்லை. பூட்டு தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார்.

"ஆமை சொன்னா நம்புறீங்க. நான் சொன்னப்ப நம்பல," என்றான் அவன். "இத என்கிட்ட வந்து ஏன் சொல்றீங்க? எங்க நின்னு கத்தினீங்களோ அங்க சொல்லுங்க."

மறுநாள் காலை, ஐஸ் ஏற்றும் இடத்தில், மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூட்டு வாயைத் திறந்தார். இடத்தைச் சொன்னார். காந்தத்தைச் சொன்னார். படிவத்தில் எழுதிய பொய்யைச் சொன்னார். "எம் மாப்ள மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எம் மேல," என்றார். யாரோ சிரித்தார்கள். நெட்டையன் மட்டும் சிரிக்கவில்லை.

"துரோகின்னு ஊரே சொன்னப்பக்கூட அந்த எடத்தப் பத்தி மூச்சு விடலியே இவன்," என்றான் நெட்டையன். "எஞ்சினுக்கு இப்படி ஒரு ஆளத்தான் தேடிட்டு இருக்கேன். வர்றியா?"

மாப்பிள்ளை மச்சானை ஒரு தரம் பார்த்தான். பிறகு நெட்டையனின் படகில் ஏறினான்.

பூட்டின் மற்ற நான்கு இடங்களும் மாப்பிள்ளைக்கு அத்துப்படி. அவற்றில் ஒன்றுகூட அவன் வாயிலிருந்து வெளியே வராது என்று பூட்டுக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.