குல்லாமலைக்குப் பின்னால்

“நம்ம ஊரு ஆறு எங்க பொறக்குது, சொல்லு பார்ப்போம்?”

ஏழாம் வகுப்பில் சித்ரா டீச்சர் ஒருநாள் இசைவாணியை எழுப்பிக் கேட்டார். அவள் எழுந்து நின்றாள், வாய் திறக்கவில்லை. மொத்த வகுப்பும் அவளுக்காக, “குல்லாமலை!” என்று கத்தியது. டீச்சரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அது தப்பு. லீவு நாளெல்லாம் ஆடு ஓட்டிக்கொண்டு மலைப்பக்கம் சுற்றுகிறவளுக்குத் தெரியாதா? ஆனால் நாற்பது பேருக்கு நடுவில் ‘இல்லை’ என்று சொல்ல வேறு தொண்டை வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்று, தினமும் ஆடுகளின் பின்னால் நடக்கத் தொடங்கிய பிறகு அந்த ஆற்றின் நெளிவு சுளிவு எல்லாமே அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் குல்லாமலை ஒன்றுதான் தெரியும். அதன் முதுகுக்குப் பின்னால் நீளமாகப் படுத்திருக்கிறது பெரியமலை. ஆறு பிறப்பது அங்கே. மூன்று ஓடைகள் பாறைக்குப் பாறை குதித்து இறங்கி, ஆனைப்பாறையின் அடியில் ஒன்று சேரும். சேர்ந்ததும் ஆறு நேராக ஊருக்கு வந்துவிடாது. இரண்டு மலைக்கும் இடையில் வடக்கே ஓடி, கோயிலைச் சுற்றுவதுபோல் குல்லாமலையை வலமாகச் சுற்றி, பனந்தோப்பில் இரண்டுமுறை புரண்டு, அப்புறம்தான் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கும். அந்தச் சுற்றுக்குத் தண்ணீருக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆட்டுத்தடத்தில் குறுக்கே விழுந்து ஓடினால் ஆளுக்கு அரை மணி நேரம் போதும்.

வருஷத்தில் பத்து மாதம் ஆறு வெறும் மணல்தான். அதனால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கியதும் ஊரில் எல்லாரும் ஆற்று மணலில்தான் காயப்போடுவார்கள். சுத்தமான மணல், நிழல் விழாத வெயில். ‘குல்லாமலை குல்லா போட்டா ஆறு வரும்’ என்பது ஊர்ப் பேச்சு. மலையின் தலையில் மேகம் உட்காராதவரை யாருக்கும் பயமில்லை.

அந்த ஆவணியில் மணல்மேல் விரித்த படுதாக்களில் கிடந்தது இசைவாணியின் அம்மா அம்சவள்ளியின் மல்லாட்டை. அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் பிடுங்கியே கை காய்த்துப்போனவள், தம்பி விருத்தாசலத்தோடு சேர்ந்து ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். தனக்கென்று அவள் விளைவித்த முதல் வெள்ளாமை. தம்பியைக் காவல் வைத்துவிட்டு, அன்று சாக்கு வாங்கக் காலையிலேயே திண்டிவனம் போயிருந்தாள்.

மூன்று மணிக்கு இசைவாணி ஆனைப்பாறை மேல் நின்றுகொண்டிருந்தாள். பெரியமலை இருண்டு கிடந்தது. மழை அங்கே ஒரு மணி நேரமாகக் கொட்டுகிறது. இங்கே ஒரு சொட்டு இல்லை. திடீரென்று ஆடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் தலை தூக்கின. பிறகுதான் அவளுக்கும் கேட்டது, லாரி நிறைய ஜல்லி கொட்டுவதுபோல. மூன்று ஓடையும் ஒன்றாக வந்து பாறையடியில் மோதி, காவி நிறத்தில் எழும்பி, வடக்கே திரும்பின.

இத்தனை வருஷத்தில் ஆறு பிறப்பதை அவள் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல்தடவை. ‘ஐயோ, மல்லாட்டை!’ அடுத்த நொடி ஆட்டுத்தடத்தில் பறந்துகொண்டிருந்தாள். ஆடுகளுக்கு வீடு தெரியும்.

ஆற்று மணலில் கயிற்றுக் கட்டில் போட்டு விருத்தாசலம் படுத்திருந்தார். பக்கத்தில் கூலிக்கு வந்திருந்த ராஜாமணியும் இன்னும் இரண்டு பெண்களும் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

“மாமா… தண்ணி…”

“குடத்துல இருக்குது, மொண்டு குடி.”

“ஆத்துல வருது மாமா. அள்ளணும்.”

அவர் ஒரு கண்ணைத் திறந்து மேற்கே பார்த்தார். குல்லாமலை மொட்டைத் தலையோடு வெயிலில் பளபளத்தது.

“இன்னா பாப்பா, வெயில்ல சுத்தி மண்ட காஞ்சிடுச்சா? மலையப் பாரு. குல்லா இருக்குதா?”

“அந்த மலையில்ல. பின்னாடி மலை.”

“பின்னாடி மலையா! ராஜாமணி, கேட்டியா? எம்மருமவ புதுசா ஒரு மலை வாங்கிக்கினு வந்துக்கிறா!”

“எத்தினி ஏக்கராம், கேளு,” என்றாள் ராஜாமணி. பெண்கள் சிரித்தார்கள்.

இசைவாணி கூடையை எடுத்து அள்ள ஆரம்பித்தாள். நாலு கூடை அள்ளி ஒரு சாக்கில் கொட்டுவதற்குள் புரிந்துவிட்டது. ஒருத்தியால் ஆகாது. தண்ணீர் இப்போது பனந்தோப்பில் முதல் புரளலில் இருக்கும். கூடையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து கத்தினாள்.

“ராஜாமணிக்கா, சிரிக்காத! ஆனைப்பாறைய தாண்டிடுச்சு. நான் பாத்தேன், ரெண்டு கண்ணால பாத்தேன். ஜல்தி வா!”

சிரிப்பு சட்டென்று நின்றது. அந்தப் பெண்ணின் குரல் இவ்வளவு பெரியது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

ராஜாமணி எழுந்து புடவையைத் தூக்கிச் செருகினாள். “பேசாத பொண்ணு கத்துது. பொய்யா இருந்தா திரும்பக் கொட்டிக்கலாம். நெசமா இருந்தா? ஏந்திரிங்கடி!”

எட்டுக் கைகள். அள்ளினார்கள், கட்டினார்கள், கரைக்கு இழுத்தார்கள். இருந்த சாக்கு தீர்ந்ததும் புடவை முந்தானையில் அள்ளினார்கள். “எல்லாத்துக்கும் பைத்தியம் புடிச்சிருக்குது,” என்று விருத்தாசலம் முணுமுணுத்தபடி புரண்டு படுத்தார்.

படுத்தவரின் காதுக்குத்தான் முதலில் கேட்டது. துள்ளி எழுந்தார்.

பனந்தோப்புத் திருப்பத்தில் அது வந்தது. சருகு, நுரை, பனம்பழம், யாருடையதோ ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, முழங்கால் உயரத்தில், அகலமாக, அவசரமில்லாமல் வந்தது. காய்ந்த மணல் ‘உஸ்’ என்று குடித்தது. குடிக்கக் குடிக்க அது நகர்ந்துகொண்டே இருந்தது.

“படுதா! கடைசிப் படுதா!” இசைவாணி அலறினாள். நாலு மூலையில் நாலு பேர் பிடித்தும் தூக்க முடியவில்லை. விருத்தாசலம் ஓடிவந்து அடியில் புகுந்து முதுகைக் கொடுத்தார். ஐந்து பேரும் கரையில் விழுந்தபோது தண்ணீர் அவர்கள் கணுக்காலை நனைத்துவிட்டிருந்தது. கட்டில் மட்டும் தலையணையோடு ஒய்யாரமாகக் கிழக்கே கிளம்பிப் போனது. ராஜாமணி விழுந்து விழுந்து சிரித்தாள். இசைவாணிக்கும் சிரிப்பு நிற்கவில்லை.

சாக்குக் கட்டோடு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய அம்சவள்ளி, கரை நெடுகக் கிடந்த மல்லாட்டையையும் ஓடுகிற ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மலை குல்லா போடலயேடா தம்பி! உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?”

“அவனையா கேக்குற?” என்றாள் ராஜாமணி. “அவன் மலையப் பாத்துக்கினு படுத்துக்கினு இருந்தான். ஊரக் கூட்டுனது உம்பொண்ணு.”

“இவளா? கத்துனாளா?”

இசைவாணி ஒரு குச்சியை எடுத்து ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். “இங்க பாரும்மா, இது குல்லாமலை. இதுக்குப் பின்னாடி பெரியமலை. மூணு ஓடை, இப்பிடி, இப்பிடி, இப்பிடி. இங்க ஒண்ணா சேருது. அப்புறம் வடக்க போய், சுத்திக்கினு…” வார்த்தைகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வந்தன. பெண்கள் குனிந்து பார்த்தார்கள்.

விருத்தாசலமும் பார்த்தார். குச்சி மலையைச் சுற்றி ஊருக்கு வந்து சேரும்வரை அசையாமல் நின்றார். பிறகு துண்டைப் பிழிந்து தலையில் சும்மாடு கோலி, இருந்ததிலேயே பெரிய மூட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டு, அக்காவின் வீட்டைப் பார்த்து நடந்தார்.