அன்று மாலை போன் வரவில்லை

1

இந்தக் கதைக்குக் காரணம் பொறாமை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அண்ணி எழுதியது ஒரு பக்கம்கூட வராது. ஆனால் வருடக்கணக்கில் யாரும் கை வைக்காமல் ஓடியது. நான் எழுதுவதை நானே மறுநாள் அடித்துவிடுகிறேன்.

அண்ணி எழுதியது கதையில்லை, கம்ப்யூட்டருக்கான கட்டளைகள். அதைப் பற்றி நான் எழுதிய முதல் வரி:

ஸ்கேன் சென்டரில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த அந்த இளைஞனின்—

அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"யாருடி இவன்?"

"கதைக்கு ஒரு விறுவிறுப்பு வேணாமா அண்ணி?"

"அன்னிக்கு வந்தது எல்லாம் முட்டி வலி. யாரையும் சாகடிக்காத."

இளைஞன் பிழைத்தான். (முட்டி வலியோடு.)

2

கொஞ்சம் விளக்கம். அண்ணி வேலை பார்த்த ஸ்கேன் சென்டருக்கு ஒரே ஒரு போன் லைன். கம்ப்யூட்டரைப் போனோடு சேர்க்கும் மோடம் கரகரவென்று கத்தி, அந்த லைன் வழியாகத்தான் இன்டர்நெட்டைப் பிடிக்கும். வேறு ஊரில் இருந்த பெரிய டாக்டர் தன் கம்ப்யூட்டரிலிருந்து சென்டரின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து படங்களைப் பார்ப்பார். நுழைய ஒரு முகவரி வேண்டும். நடுநடுவே புள்ளி வைத்த எண்கள்தான் அது. லைன் அறுந்து மறுபடி சேரும்போதெல்லாம் அது மாறிவிடும். மாறியதை டாக்டருக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். போன் செய்ய மோடத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அந்த முகவரியே போய்விடும்.

(இங்கே சிரிக்கலாம். ஆரம்பத்தில் சென்டர் முதலாளி இதைத்தான் செய்தார். எண்ணைக் குறித்துக்கொண்டு, மோடத்தைப் பிடுங்கிவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டு, இல்லாத முகவரியை நிறுத்தி நிதானமாகச் சொல்வார்.)

பிறகு அண்ணி பக்கத்து மருந்துக்கடைப் போனுக்கு ஓட ஆரம்பித்தார். திரும்பி வருவதற்குள் லைன் மறுபடி அறுந்திருக்கும். தினமும் சாயங்காலம் முழுக்க இந்த ஓட்டம். வீட்டில் அண்ணன் சமைத்ததை நானும் அவனும் சாப்பிட்டோம். அது எப்படி இருந்தது என்றால் [அண்ணன் கேட்டுக்கொண்டதால் நிறுத்துகிறேன்].

3

கடைசியில் அண்ணி எழுதியது, தமிழில்:

லைன் இருக்கிறதா பார். இல்லையென்றால் டயல் செய். கிடைக்கவில்லையா, கொஞ்சம் பொறுத்து மறுபடி டயல் செய். சேர்ந்ததும் உனக்கு என்ன முகவரி கொடுத்திருக்கிறார்கள் என்று பார். அதை இன்டர்நெட்டில் என்றும் இடம் மாறாத இந்தப் பக்கத்தில் எழுதி வை. மறுபடி முதலிலிருந்து.

டாக்டரின் கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்து வழி தெரிந்துகொள்ளும். யாரும் ஓட வேண்டாம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. (எனக்குக் காலர் கிடையாது.) ஒரு சொல் கூடுதலாக இல்லை. நானாக இருந்தால் மழையைப் பற்றி நாலு வரி சேர்த்திருப்பேன்.*

முதலாளி நம்பவில்லை.

"இன்னிக்கு நேரத்தோட வீட்டுக்குப் போம்மா. டாக்டர்கிட்ட உன் வீட்டு நம்பர் குடுத்திருக்கேன். உள்ள போக முடியலன்னு அவரு ஒரு தடவை கூப்பிட்டாலும், நாளையிலேருந்து பழையபடி நீதான் உக்காரணும்."

"கூப்பிட மாட்டாரு சார்" என்றார் அண்ணி.

* அன்று உண்மையிலேயே மழை. லைன் அறுவதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

4

வீட்டில் அண்ணனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"போனுக்கு உயிர் இருக்கான்னு பாக்கறேன்."

"எடுத்து எடுத்துப் பாத்தா அவருக்கு லைன் எப்படிக் கிடைக்கும்? விடுங்க. கூப்பிடறதுன்னா கூப்பிடட்டும். எனக்கு ஏமாத்தி ஜெயிக்க வேண்டாம்."

5

முடிவு அ: போன் அடிக்கிறது. மூவரும் உறைந்து நிற்கிறோம். ராங் நம்பர்.

(அண்ணி: "சினிமாத்தனமா இருக்கு.")

முடிவு ஆ: மறுநாள் டாக்டர், "வீட்டு நம்பர் குடுத்திருந்தாங்க, ஆனா கூப்பிடவே வேண்டியிருக்கல. நேத்து மழையில அவ்ளோ நேரம் சென்டர்லயே இருந்தீங்களாம்மா, பாவம்" என்கிறார். இது நிஜமாகவே நடந்தது. இதையும் எடுத்துவிடச் சொல்கிறார் அண்ணி.

"அவரு சொல்லித்தான் தெரியணுமா? எனக்கு அன்னிக்குச் சாப்பிடும்போதே தெரியும்."

6

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. அண்ணி எழுதியது சரியாக ஓடினால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததை எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

நீங்களே வந்து கூடத்தில் உட்காருங்கள். வெளியே மழை. அங்கே சென்டரில், ஆளில்லாத அறையில் லைன் அறுகிறது, சேர்கிறது, மறுபடி அறுகிறது. இங்கே அண்ணி கால் நீட்டி உட்கார்ந்து, சுடச்சுட இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்கிறார். போன் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

எடுத்துப் பார்க்காதீர்கள்.