பெருவிரலும் மரவள்ளிக்கிழங்கும்

என் வலது கால் பெருவிரலில் வந்த புண் மூன்று மாதமாகியும் ஆறவில்லை. மலாக்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதி என்றார். சோற்றையும் சீனியையும் குறைக்க வேண்டும், ஆகஸ்டுக்குள் ஆறாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். அது 1957. தார் வாளி தூக்கி ரோடு போடுகிறவனுக்குப் பெருவிரல் போனால் வேலையும் போயிற்று.

எங்கள் வட்டாரமான காஜா பெராங்கில் கோப்பிக்கடை வாசலில் நீள பெஞ்சு ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் சர்க்கரைக்காரர்கள் நாலைந்து பேர் அங்கேதான் உட்காருவோம். எங்களில் பழைய நோயாளி லோரி ஓட்டும் மாணிக்கவாசகம். அவர்தான் வழி சொன்னார்.

"தம்பிராஜா, சோத்த விட்டுட்டு மரவள்ளிக்கெழங்கு தின்னு. ஜப்பான்காரன் இங்க ஆண்ட காலத்துல மூணு வருசம் அதத்தான தின்னோம்? ஒருத்தனுக்காவது சர்க்கர வந்துச்சா?"

"அப்ப எவன் உடம்புல சத இருந்துச்சு, சர்க்கர வந்து ஒட்டுறதுக்கு?" என்று பெஞ்சின் மறுகோடியில் இருந்த நடராஜன் சிரித்தார். ஆனாலும் அவரும் கிழங்குதான் தின்றார்.

எனக்கும் நியாயமாகப் பட்டது. என் மனைவி ருக்மணி மூன்று வேளையும் கிழங்கு அவித்தாள். சோற்றுப் பானைப் பக்கமே நான் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸை நாங்கள் மிஸி என்போம். மிஸி சிவகாமசுந்தரி சிறுநீரில் நீல மருந்து ஊற்றிக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சுவார். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று சர்க்கரைக்குத் தக்கபடி மாறும். என்னுடையது எல்லாவற்றுக்கும் மேலே, செங்கல் நிறத்தில் வந்தது.

"சோறு சாப்பிடுறீங்களாண்ணே?"

"சத்தியமா ஒரு பருக்க கூட இல்ல மிஸி."

அவர் திட்டவில்லை. "எழுதத் தெரியுமா?" என்று கேட்டார்.

நாற்பத்து மூன்று வயதில், ஞாயிறுதோறும் தொழிற்சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றவன் நான். "தெரியும்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"அப்ப வாயில போடுறதெல்லாம் எழுதிட்டு வாங்க. எனக்காக நல்ல பிள்ளையா எழுத வேணாம். உள்ளத எழுதுங்க."

ஒரு வாரம் தார் டிரம்மின் மேல் நோட்டை வைத்து எழுதினேன். மிஸி ஒரு வரி விடாமல் படித்தார்.

"கெழங்கு, கெழங்கு, மறுபடியும் கெழங்கு. யாருண்ணே சொன்னது?"

"பெஞ்சுல."

"சோறு மாதிரிதாண்ணே இதுவும், உள்ள போனா சர்க்கரதான். ஜப்பான் காலத்துல அரப்பட்டினி. இப்ப வயிறு நெறையத் திங்கிறீங்க."

பிறகு எத்தனை மணிக்கு எனக்குப் பசிக்கும், வெயிலில் எவ்வளவு நேரம் நிற்பேன், ருக்மணி என்ன சமைப்பாள் என்று கேட்டுக்கேட்டு எனக்கென்றே ஒரு சாப்பாடு வகுத்தார். காலையில் இரண்டு முட்டை. மத்தியானம் மீனும் கீரையும் நிறைய, சோறு ஒரு பிடி. "உங்க கைப்பிடி இல்ல, என் கைப்பிடி" என்று சின்னக் கையை மடக்கிக் காட்டினார்.

பெஞ்சில் ஒரே கேலி. "நேத்துப் பொறந்த பொண்ணு நமக்குச் சாப்பிடச் சொல்லிக் குடுக்குதா?" என்றார் மாணிக்கவாசகம். நான் கசப்புக் கோப்பியைக் குடித்தபடி அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் என் கை தானாகப் பலகாரத் தட்டுக்குப் போனது. நடராஜன் பட்டென்று அடித்தார். "டேய், இதயும் நோட்டுல எழுதுவியா?"

கையை இழுத்துக்கொண்டேன்.

ஆகஸ்டு நடுவில் குழாய் நீலமாகவே நின்றது. புண் காய்ந்து தோல் மூடியிருந்தது. "விரல் இருக்கட்டும்" என்றார் டாக்டர். மாதக் கடைசியில் சுதந்திர ஊர்வலத்தில் சங்கக் கொடிக்குப் பின்னால் பத்து விரலோடு நடந்தேன்.

மறுநாள் நோட்டைப் பெஞ்சுக்குக் கொண்டுபோய் முதல் பக்கத்திலிருந்து நானே வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. மாணிக்கவாசகம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த மிஸி என்னைக்கு இருக்கும்?"

"செவ்வாக்கெழம. ஆனா எழுதிக்கிட்டுப் போகணும்ண்ணே."

"எனக்கு எழுத்து வராதுடா."

அந்தப் பெஞ்சில் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. புதுப் பக்கம் திருப்பி, மேலே அவர் பெயரைப் பெரிதாக எழுதினேன்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"கெழங்கு."

"எவ்வளவு?"

அவர் என்னை முறைத்தார்.

"ரெண்டு தட்டு. எழுதித் தொல."