எஃப் டிரைவில் ஒரு மனு

முத்துவடிவின் வலது கையில் மூன்று விரல்கள் மில் மெஷினில் போய்விட்டன. தப்பு அவளுடையது என்றார் மானேஜர். அந்த மெஷினுக்கு ஒரு மாதமாக மூடியே இல்லை என்பது எனக்குத் தெரியும். பழுதுப் பட்டியலை டைப் அடித்தவளே நான்தான். அதனால் லேபர் ஆபீசுக்கு அவள் பேரில் மனு எழுத ஆரம்பித்தேன், சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே. எண்பத்தெட்டில் தென்காசியில் கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அந்தத் தைரியம்தான்.

விஷயம் பக்கத்து மேஜை சிவசைலம் அண்ணாச்சிக்கு மட்டும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மானேஜர் என் அருகே வந்து நின்றார். “மூடி கழண்டு முப்பத்தொரு நாளாச்சாமே?” என்று சிரித்துவிட்டுப் போனார். முப்பத்தொன்று என்பது மனுவில் நான் எழுதியது.

அண்ணாச்சியைத் தவிர வேறு யார்? போன வாரம் சாரல் விழுந்ததும் மானேஜரோடு ஜீப்பில் ஏறிப் போய், ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த மனுஷர். கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டேவிட்டேன்.

“மானேஜருக்கு முதுகு தேய்ச்சது போதாதுன்னு இதையும் சொல்லிட்டு வந்தியளா?”

“என்ன பேச்சு பேசுத, இராமலட்சுமி? நான் வாயே தொறக்கல.”

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்தேன். அன்றைக்கே முத்துவடிவிடமும் அவரைப் பற்றிச் சொல்லிவைத்தேன்.

திங்கட்கிழமை, கம்ப்யூட்டரின் முகப்பில் இருந்த பூட்டைப் பூட்டிச் சாவியைத் தாலிக்கயிற்றில் கோர்த்துக்கொண்டேன். அதற்கு முன், இன்னும் சேதி கசிகிறதா என்று பார்க்க மனுவில் சுந்தரபாண்டி என்று ஒரு சாட்சியைப் புகுத்தினேன். அப்படி ஒருவன் மில்லிலேயே கிடையாது. புதன்கிழமை காலை, ஆட்களின் பேர்ப் பதிவேடு இருக்கும் டைம் ஆபீசில் மானேஜர் கத்திக்கொண்டிருந்தார்: “யாருலே அந்த சுந்தரபாண்டி?”

சாவி என் கழுத்தில். அண்ணாச்சியோ கல்யாணத்துக்காக மூன்று நாளாய் ஆலங்குளத்தில்.

அன்று மத்தியானம் கம்ப்யூட்டர் ஒயரைச் சரிபார்க்க மெட்ராஸ் இன்ஜினியர் வந்தார். “பூட்டின பெட்டிக்குள்ள இருக்கறத வேற யாரும் படிக்க முடியுமா சார்?” என்று கேட்டேன்.

“எந்த டிரைவ்ல வெச்சீங்க?”

“எஃப்.”

“எஃப் உங்க பெட்டியிலயே இல்லம்மா. மானேஜர் ரூம்ல இருக்கற பெரிய மெஷினோட டிஸ்க் அது. ஒயர் வழியா உங்களுக்கு இங்கயே இருக்கற மாதிரி தெரியும்.”

எஃப்பை மாட்டிய அன்று, ‘உங்க சொந்த டிரைவ் மாதிரியே வெச்சுக்கங்க’ என்று சொன்னவரும் இவர்தான். சி-யில் ஆபீஸ் குப்பையெல்லாம் கிடந்தது. எஃப் புதிதாக, காலியாக இருந்தது. யாரும் வராத இடம் என்று நானாகத் தேடி அங்கே வைத்தேன். தினமும் மனுவைக் கொண்டுபோய் மானேஜர் மேஜையிலேயே வைத்திருக்கிறேன், மடச்சி.

மனுவைப் பேப்பரில் அச்செடுத்துக்கொண்டு முத்துவடிவு வீட்டுக்கு ஓடினேன். அவள் இடது பெருவிரலில் மை.

“காலைல மானேஜர் வந்தாவக்கா. மூடிய நானே கழத்தினேன்னு எழுதியிருக்காம், வெச்சாத் துட்டு வருமாம். கைநாட்டு வெச்சிட்டேன்.”

“ஏட்டி, வைக்காதன்னு சொல்ல ஒருத்தர்கூடவா இல்ல?”

“சிவசைலம் அண்ணாச்சி ஊருக்குப் போறதுக்கு முந்தி இங்கன வந்து படிச்சுப் படிச்சுச் சொன்னாவ, எதுலயும் வைக்காதன்னு. அவுக மானேஜர் ஆளுன்னு நீங்கதானக்கா சொன்னிய? துட்டு வராமத் தடுக்கத்தான் அப்படிச் சொன்னாவன்னு நெனச்சு வெச்சிட்டேன்.”