பூபதியின் பத்து செகண்ட்

பூபதிக்கு வாய் நீளம். அந்த வாயாலேயே அந்த ஆள் மாட்டிக்கொள்ளும் நாளுக்காக முனிலட்சுமி ஒன்றரை வருஷம் காத்திருந்தாள். சும்மா காத்திருக்கவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை மனசுக்குள் அவரை நன்றாகத் திட்டிவிட்டுத்தான் மறுவேலை.

விஷயம் இதுதான். ஓசூர் சிப்காட்டில் வண்டி மோட்டாரை மூடும் அலுமினியக் கூட்டை, அதாவது ஹவுசிங்கை, வார்த்துக் கொடுக்கும் கம்பெனி அது. அச்சிலிருந்து வரும் ஹவுசிங்கின் ஓரமெல்லாம் பிசிறு நிற்கும், தொட்டால் கையைக் கிழிக்கும். அதை அரத்தால் தேய்த்து எடுக்கும் வேலைக்கு டீபரிங் என்று பேர். பன்னிரண்டு பொம்பளைகள் பெஞ்சில் உட்கார்ந்து அதைச் செய்தார்கள். முனிலட்சுமியும் அதில் ஒருத்தி. பக்கத்து இடம் கெம்பம்மாவுக்கு. இரண்டு பேருக்கும் மத்திகிரியில் ஒரே வரிசையில் வாடகை வீடு, ஒரே டவுன் பஸ். முனிலட்சுமிக்கு உடம்பு முடியாத நாளில் அவள் பங்கையும் சேர்த்துத் தேய்த்து, தட்டை நிரப்பி வைத்துவிடும் மனுஷி கெம்பம்மா.

ஒரு நாள் முதலாளி மோகன்குமாரைக் கூட்டிக்கொண்டு புரொடக்‌ஷன் மேனேஜர் பூபதி பெஞ்சுக்கு வந்தார். "இந்த வேலைக்குப் பன்னெண்டு பேர் எதுக்குங்க சார்? பத்து செகண்ட் போதும், பாருங்க" என்று போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு ஒரு ஹவுசிங்கை எடுத்தார். பத்தாவது செகண்டில் பளிச்சென்று கீழே வைத்தார். முதலாளி அசந்துபோனார். பூபதி எடுத்தது கெம்பம்மா ஏற்கெனவே தேய்த்து முடித்திருந்த தட்டிலிருந்து. முதலாளியைக் கண்டு எல்லோரும் எழுந்து நின்ற பரபரப்பில் அதை யாரும் கவனிக்கவில்லை, முனிலட்சுமியைத் தவிர.

அவள் வாயைத் திறக்கவில்லை. தபாலில் படித்து வாங்கிய டிப்ளமோவுக்காக அவளைப் பிளானிங் ஆபீசுக்கு மாற்றுவதாக அந்த வாரம்தான் பூபதி சொல்லியிருந்தார். ஏசி ரூம், நாற்காலி, கிழியாத விரல். மென்று முழுங்கிவிட்டாள்.

மறுநாளே ஏழு பேர் வெளியே. பதினொரு வருஷம் தேய்த்த கெம்பம்மாதான் முதல் ஆள். "உனக்குக் கை மந்தம்மா" என்றார் பூபதி, எல்லோர் காதிலும் விழும்படி. அவள் அரத்தைத் துடைத்து வைத்துவிட்டுப் போய், ஒரு ரோஜாப் பண்ணையில் இலை கிள்ளும் வேலையில் சேர்ந்தாள். முனிலட்சுமியும் மேலே போய்விட, பெஞ்சில் மிச்சம் நாலு பேர்.

நாலு பேரால் எப்படி முடியும்? முடியவில்லை. பூபதி மிச்சச் சரக்கை வெளியே ஒரு ஷெட்டுக்கு அனுப்பித் தேய்த்து வாங்கி, பில்லில் வேறு ஏதோ வேலை என்று எழுதி மூடி மறைத்தார். திருட்டுத்தனத்துக்கு மட்டும் அவருக்குக் கை மந்தமே கிடையாது.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடிய பிறகு, கணக்கு, திட்டம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் ஈஆர்பி என்ற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வந்தது. அதை அமைத்துத் தர வந்த எட்சன் கேட்ட முதல் விஷயம் ரூட்டிங். ஒரு ஹவுசிங் எந்த மெஷினிலிருந்து எங்கே போகிறது, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை செகண்ட் நிற்கிறது என்ற வரிசை. அடக்க விலை, தினசரித் திட்டம் எல்லாம் அந்த செகண்டிலிருந்துதான் பிறக்கும். முனிலட்சுமி ரகசியமாக அளந்து வைத்திருந்தாள், டீபரிங் நாற்பத்தைந்து செகண்ட். ஆனால் மீட்டிங்கில் முதலாளி இருந்தார்.

"டீபரிங் எவ்வளவு சார்?" என்று எட்சன் கேட்டார்.

"பத்து" என்றார் பூபதி. வேறு என்ன சொல்வார்?

"கைவேலைக்குக் கம்மியா தெரியுதே சார்" என்றார் எட்சன்.

"நானே பண்ணிக் காட்டினது. பத்துன்னா பத்து."

"அப்ப இதுல ஒரு கையெழுத்துங்க சார்" என்று முனிலட்சுமி தேன் சொட்டப் பேப்பரை நீட்டினாள். போட்டார். அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது.

ஈஆர்பிக்கு ஒளிவுமறைவு தெரியாது. நாலு பேர், ஆளுக்குப் பத்து செகண்ட், ஒரு ஷிஃப்டுக்குப் பத்தாயிரத்து எண்ணூறு ஹவுசிங் என்று திட்டம் போட்டது. அதை நம்பி முதலாளி ஒரு பெரிய ஆர்டருக்குத் தலையாட்டினார். பெஞ்சில் வந்தது இரண்டாயிரத்து நானூறு. ஷெட்டுக்கு அனுப்பவும் வழியில்லை, ரூட்டிங்கில் இல்லாத இடத்துக்குச் சரக்கு வெளியே போக அது கேட் பாஸே அடிக்காது. ஆறாவது நாள் தேய்க்காத தட்டுகள் கேன்டீன் வாசல் வரை நின்றன.

பூபதி அவள் மேஜைக்கு வந்தார். "லட்சுமி, அந்தப் பத்தை நாப்பத்தஞ்சு ஆக்கிடும்மா."

"அது கம்ப்யூட்டர்ல ஏறி ரிலீஸ் ஆயிடுச்சுங்க சார். மாத்தணும்னா காரணம் எழுதணும். முதலாளி ஓகே பண்ணணும்."

"என்னன்னு எழுதறது?"

"நடந்ததை எழுதுங்க சார்."

ஆட்கள் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று எழுதினார். அதைப் படித்த முதலாளி நேராகப் பெஞ்சுக்கே வந்துவிட்டார். "அன்னிக்குக் காட்டினீங்களே, இவங்களுக்கும் ஒருதரம் காட்டுங்க."

பூபதியின் கை பழக்கதோஷத்தில் முடித்த தட்டுக்குப் போனது. முனிலட்சுமி குறுக்கே வந்து நின்றாள். "அது தேய்ச்சதுங்க சார். அன்னிக்கும் கெம்பக்கா தேய்ச்சு வச்சதைத்தான் எடுத்தீங்க. இதை எடுங்க" என்று அச்சிலிருந்து வந்ததை நீட்டினாள்.

எட்சன் கடிகாரத்தைப் பிடித்தார். எழுபத்திரண்டு செகண்ட். ஆட்காட்டி விரலில் ரத்தம். ஹவுசிங்கில் பாதிப் பிசிறு அப்படியே இருந்தது. ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், பிறகு நாலு பேரும். முதலாளி சிரிக்கவில்லை. மத்தியானம் பூபதியின் ரூமைக் காலி செய்யச் சொன்னார். அனுப்பின ஏழு பேரையும் திரும்பக் கூப்பிடச் சொன்னார்.

சாயங்காலம் முனிலட்சுமி வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராகக் கெம்பம்மா வீட்டுக்குப் போய், தட்டு விஷயம் உட்பட நடந்ததையெல்லாம் சொல்லி, பூபதி மாதிரி நின்று, முழித்து, விரலைச் சப்பிக் காட்டினாள். கெம்பம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

"அன்னிக்கு அவன் எடுத்தது என் தட்டுலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன்க்கா."

"எப்ப பாத்த?"

"அப்பவே."

கெம்பம்மா தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தாள். "ஒன்றரை வருசமா என் கைதான் மந்தம்னு நெனச்சிட்டிருந்தேன்டி."

"அக்கா..."

"நாளைக்கு வேலைக்கு வரேன்" என்று கெம்பம்மா எழுந்தாள். "பஸ்ல என் பக்கத்துல உக்காராத."